பெரட்டு இல்லாத வேலை

தோட்டத்தில் வேலை என்பது பெரட்டில் தொடங்குகிறது. விடிந்தும் விடியாததுமாகப் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். யார் எந்த மலைக்கு, யார் எந்த றப்பர்த் துண்டுக்குப் பால் வெட்டப் போவது என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகும். மாலையில் ஒரே கேள்விதான் மிஞ்சும்: முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேர் ஆனதா? இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக நமது மக்கள் கண்ட தலைமைத்துவம் இதுதான்.

இதற்கு முந்திய காலத்தில் பெரிய கங்காணியே தலைவராக இருந்தார். ஆள் கட்டி வந்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே, வேலை வாங்கியவரும் அவரே. கடன் கணக்கெழுதிய 'துண்டு' தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால், தலைவன் என்றால் பெயர் கூப்பிடுபவன், கணக்கு வைத்திருப்பவன், தேவைப்பட்டால் கைமாற்றுக் கொடுப்பவன் என்ற எண்ணம் மட்டும் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை.

இந்நிலையில் ஒரு தொண்டர் குழுவை அமைக்கப் புறப்படும் இளைஞனின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். அவனிடம் பெயர்ப் பதிவேடு இல்லை, கொடுக்கச் சம்பளமும் இல்லை. வராதவனை அவன் என்ன செய்ய முடியும்? முதல் ஞாயிறு முப்பது பேர் வருவார்கள், மூன்றாம் ஞாயிறு ஏழு பேர் வருவார்கள். உடனே அவனும் ஒரு சின்னக் கங்காணியாக மாறி அதட்டத் தொடங்குவான், அல்லது பங்குத்தந்தையிடம் ஓடி வந்து, வருகிறவர்களுக்குப் 'படி' ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்பான். இவ்விரண்டையும் பல தோட்டங்களில் நான் கண்டிருக்கிறேன்.

சம்பளமில்லாத வேலைக்கு எவ்வாறு தலைமை தாங்குவது என்னும் கேள்வி இந்தச் சிறிய தீவிலே புதியதல்ல. அதற்கு விடை தேடியவர்களுள் சிலர் நமது மாகாணத்திலேயே நடமாடியவர்கள்.

1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்து ஓடும் ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு பெருகியது. ஆண்டு முடிவதற்குள் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியது. அடிக்கடி மலேரியா கண்ட வறண்ட பகுதி மக்களைவிட, அதுவரை அதை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் பகுதி மக்களையே அது கொடூரமாகத் தாக்கியது. 1935 முடிவதற்குள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகிறது. அப்போது கேகாலைக் கிராமங்களுக்குள் நுழைந்தவர்களுள் 'சூரியமல்' இயக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே போகிறது என்று எதிர்ப்புத் தெரிவித்து, 1933இல் பூவரசம் பூவை விற்கத் தொடங்கியவர்கள் இவர்கள். என்.எம்.பெரேரா, டாக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்க போன்றோர் இவர்களோடு இருந்தனர்.

அங்கே போனபோது, கொயினா மட்டும் போதாது என்பது இவர்களுக்கு விளங்கியது. காய்ச்சலுக்கு முன்பே பசி அந்த உடல்களை அரித்திருந்தது. எனவே மருந்தோடு பருப்பும் கொண்டுபோனார்கள். என்.எம்.பெரேராவுக்குப் 'பருப்பு மகாத்தயா' என்று கேலிப் பெயர் விழுந்தது. இலண்டனிற் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் பருப்புப் பொட்டலத்தோடு குடிசைக்குக் குடிசை நடந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்! ஆயினும், மக்களுக்கு என்ன தேவை என்று கொழும்பிலிருந்து தீர்மானித்துக்கொண்டு வராமல், வந்த பின்னர் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 1935 டிசம்பரில் இலங்கை சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் ருவன்வெல்லைத் தொகுதி என்.எம்.பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. தம் வாசலுக்கு வந்தவருக்கு மக்கள் வாக்களித்ததில் தவறேதும் இல்லை. ஆனால் அன்றுமுதல் இன்றுவரை நிவாரணப் பொதியோடு வருபவரைக் கண்டால் நமது மக்கள் மனதுக்குள், அடுத்த தேர்தல் எப்போது என்று கணக்குப் போடுகிறார்கள். தொண்டர்கள் இச்சந்தேகத்தைக் கண்டு மனம் வருந்துவதிற் பயனில்லை. நீண்ட அனுபவத்தில் விளைந்த சந்தேகம் அது.

1958 டிசம்பரில் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் சென்றார்கள். அழைத்துச் சென்றவர் அக்கல்லூரியின் ஆசிரியர் ஏ.ரி.ஆரியரத்ன. அப்போது அவருக்கு வயது 27. கனத்தொலுவ, ரொடியா மக்கள் வாழ்ந்த ஊர். மற்றவர்கள் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத காலம் அது. நகரத்து நல்ல வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி, கிணறு வெட்டி, மலகூடக் குழி தோண்டி, அந்த மக்களோடு ஒன்றாக உணவருந்தினார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் இந்த முகாமிலிருந்து வளர்ந்ததே.

இம்முகாம்களின் நடைமுறையில் என்னை மிகவும் கவர்வது மண்வெட்டி வேலையன்று. நாள்தோறும் எல்லோரும் ஓரிடத்திற் கூடுவார்கள். அதைக் குடும்பக் கூட்டம் என்பார்கள். அங்கே ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே ஒருவரை ஒருவர் அழைக்க வேண்டும். சேர், மகாத்தயா என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறந்த நாளிலிருந்து இழிவான பெயராலேயே விளிக்கப்பட்ட ஒருவரைக் கல்லூரி மாணவன் 'அம்மா' என்று அழைத்தால் அங்கே என்ன நிகழும் என்பதை, 'ஏய்' என்றும் 'வாடி' என்றும் பெரட்டில் கேட்டுப் பழகிய நமது மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரட்டிலும் கூட்டம் உண்டு, குடும்பக் கூட்டத்திலும் கூட்டம் உண்டு. முன்னதில் ஒருவரே பேசுவார்.

சர்வோதயம் பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. 1972இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து பாராட்டும் பணமும் வந்தன. 1980களில் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பெருந்தொகையாக நிதி கொடுக்கத் தொடங்கியதும் திட்டங்கள் பெருகின, சம்பளம் பெறும் ஊழியர்கள் பெருகினார்கள், அறிக்கைகளும் பெருகின. உதவி செய்தவர்கள் தங்கள் அளவுகோல்களைக் கொண்டு வந்தார்கள். 1990களில் அவர்களோடு முரண்பாடு முற்றி நிதி குறைந்தபோது அவ்வியக்கம் பெரும் நெருக்கடிக்குள்ளானது. எனினும் அது அழிந்துபோகவில்லை. 2024 ஏப்ரலில் ஆரியரத்ன தமது 92ஆவது வயதிற் காலமானபோதும் அது இயங்கிக்கொண்டிருந்தது. தொண்டர் வேலையைச் சம்பள வேலையாக மாற்றுவது எளிது, சம்பள வேலையை மறுபடியும் தொண்டாக மாற்றுவது எத்துணை கடினம் என்பதை அக்காலத்து அதன் ஊழியர்கள் நேரில் அறிந்தார்கள். 'படி' கேட்டு வரும் நமது இளைஞனை நினைத்தே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து வருவது நமது சொந்தக் கதை. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் வன்செயல் சப்பிரகமுவத் தோட்டங்களைத் தாக்கியது. லயங்கள் எரிந்தன. சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கும் நமது தோட்டங்களில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? இரவோடிரவாகப் புறப்பட்ட குடும்பங்கள் பல வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. தேயிலையும் றப்பரும் தவிர வேறு பயிர் அறியாதவர்கள், காடும் வறட்சியும் யானையும் உள்ள மண்ணில் நின்றார்கள்.

அவர்களை அங்கே வரவேற்றுக் குடியமர்த்தியவர்களுள் 'காந்தீயம்' இயக்கத்தினர் முதன்மையானவர்கள். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ.டேவிட், வவுனியாவில் மருத்துவராக இருந்த டாக்டர் எஸ்.இராஜசுந்தரம் ஆகிய இருவரும் இதை வழிநடத்தினார்கள். பாலர் பாடசாலை, பிள்ளைகளுக்குச் சத்துணவு, கிணறு, பயிர்ச்செய்கை என்று வேலை விரிந்தது. பிழைப்புக்கு வழி தேட வேண்டிய வயதில் இளைஞர்களும் யுவதிகளும் காட்டோரக் குடியிருப்புகளில் வந்து தங்கினார்கள். வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய தலைவர்களே அங்கே வந்து நின்றதைக் கண்டுதான் அவர்களும் நின்றார்கள் என்று நான் கருதுகிறேன்.

1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இரண்டாம் முறையாக நிகழ்ந்த படுகொலையில் டாக்டர் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பரில் அங்கிருந்து தப்பியோரோடு வெளியேறி, நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, முதுமையிற் தாயகம் திரும்பி 2015இல் மறைந்தார். காந்தீயத்தின் குடியேற்றங்களாகப் பேசப்பட்ட டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து 1984இல் மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இவ்வரலாற்றை வீரக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. எல்லைப்புறக் காடுகளிற் குடியமர்த்தப்பட்டதால், பின்னர் வந்த போரின் அடியை இம்மக்கள் முன்வரிசையில் நின்று வாங்கினார்கள். எங்கே குடியேறுவது என்று தீர்மானிக்கும்போது அவர்களிடம் எத்துணை தூரம் கேட்கப்பட்டது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இன்றும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நமது தோட்டங்களின் பேர் சொல்லும் குடும்பங்கள் சொந்தக் காணியில் வாழ்கின்றன. லயக் காம்பராவில் இருக்கும் நமக்கு அதன் பெறுமதி தெரியும்.

நமது மாகாணத்துக்கு அடுத்த ஊவாவில், புத்தளையில், அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் றொட்றிகோ 1980இல் ஒரு சிறு குடிலை அமைத்தார். 'சுப செத் கெதர' என்பது அதன் பெயர். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். சுற்றிலும் பௌத்தக் கிராமங்கள். யாரையும் மதம் மாற்ற வரவில்லை என்பதை மக்கள் நம்பும்வரை அவர் பொறுமையோடு காத்திருந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபத்து நெருங்குவது தெரிந்திருந்தும் அவர் அந்த மக்களை விட்டு நீங்கவில்லை.

இனி நமது தோட்டத்துக்கு வருவோம். சிரமதானம் என்றால் நாம் உடனே பாதையைத்தான் நினைக்கிறோம். லயத்துக்குப் போகும் பாதை குண்டும் குழியுமாக இருக்கிறது. ஞாயிறன்று எல்லோரும் மண்வெட்டியோடு வாருங்கள் என்கிறோம். கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணுக்கு வாரத்தில் இருப்பது அந்த ஒரு நாள். துணி துவைப்பதும் விறகு சேர்ப்பதும் பிள்ளையின் தலை பார்ப்பதும் அன்றுதான். அந்த நாளையும் நாம் இலவசமாகக் கேட்கிறோம். யாருக்காக? அப்பாதையைப் பராமரிக்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அல்லது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முடியாது என்று நெடுங்காலம் கையை விரித்தார்கள். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. அப்படியிருக்க, நாமே பாதையைச் செப்பனிட்டால் கடமையுள்ளவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கனத்தொலுவவில் உழைப்பைத் தானம் செய்தவர்கள் வசதியுள்ளவர்கள். இங்கே தானம் செய்யச் சொல்லப்படுபவர், 150 ஆண்டுகளுக்கு மேலாக மலிவான கூலிக்கு உழைப்பைக் கொடுத்தே களைத்தவர். இந்த வேறுபாட்டை மறந்து சிரமதானம் நடத்தும் தலைவர், சம்பளம் கொடுக்காத கங்காணியாகிவிடுவார். பீலி உடைந்தது, மண்சரிவில் வீடு போனது போன்ற அவசரங்கள் வேறு. அப்போது யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருப்பதில்லை.

அப்படியானால் தோட்டத்துத் தொண்டர் செய்யத்தக்கது என்ன? 2003ஆம் ஆண்டை நினைவுபடுத்த விரும்புகிறேன். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. 1948இல் பறிக்கப்பட்டது 55 ஆண்டுகளுக்குப் பின்னர் திரும்பி வந்தது. சட்டம் வந்தாற் போதுமா? விண்ணப்பம் நிரப்ப வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும். தொழிற்சங்கங்களும் அரச அதிகாரிகளும் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் பயிற்றப்பட்ட தொண்டர்களும் சேர்ந்து தோட்டப் பகுதிகளில் நடமாடும் நிலையங்களை நடத்தினார்கள். ஏறக்குறைய 10 நாட்களில் 190,000 பேர் வரை குடியுரிமை பெற்றார்கள். மேசை, பேனா, படிவம், பொறுமை – இவ்வளவே கருவி.

இந்த வேலை முடியவில்லை. பிறப்புப் பதிவில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும். இரத்தினபுரி, கேகாலை மாவட்ட அலுவலகங்களில் பல கடிதங்கள் சிங்களத்திலேயே வருகின்றன. இங்கேதான் நம்மிடம் உள்ள ஒரு வளத்தை நாம் குறையாகவே எண்ணி வந்திருக்கிறோம். தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருந்ததால் சிங்களப் பாடசாலையிற் படித்த பிள்ளைகள் நமது தோட்டங்களிற் பலர். தமிழ் எழுதத் தடுமாறுகிறார்கள் என்று அவர்களைக் குறைகூறுகிறோம். பிரதேச செயலகத்தில் படிவத்தை வாசித்து, அதிகாரியோடு அவர் மொழியிலே வாதாடி, பாட்டியின் பெயரைத் திருத்திக்கொண்டு வருபவள் அந்தப் பிள்ளைதான். குழுவுக்கு யார் தலைவர் என்று தேடும்போது, உரத்துப் பேசும் இளைஞனையும் சங்கத் தலைவரின் மகனையும் பார்க்கும் நம் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை.

கூட்டம் வைக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வைத்தால் ஆண்கள் வருவார்கள். பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஒரு தோட்டத்தில் மதிய உணவு வேளையில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கருகிலேயே 20 நிமிடம் கூடுகிறார்கள். யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. அந்த வாரம் எந்த வீட்டுக் கடிதத்தைப் பார்ப்பது என்று பேசி, அலுவலகத்துக்கு யார் யாரோடு துணை போவது என்று முடிவு செய்கிறார்கள். போகிறவரின் பஸ் காசை அந்த வீட்டாரும் மற்றவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். கணக்கை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதுகிறார்கள். அந்தக் கொப்பியை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.