உப்பு நீர்த்தால் பேச்சு குழறும்

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு உப்பின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். பச்சைத் தோலில் உப்பை வாரித் தடவினால் தோல் தன் நீரைக் கக்கிவிடும். பதனிடும் முன் அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தில் உப்பில்லாமல் இறக்கினால் அதே தோல் நீரைக் குடித்து உப்பிப் பாழாகும். உப்பு இருக்கும் பக்கம் நீர் போகும். ரத்தத்திலும் இதே கணக்குதான்; ஓர் அறுவையில் அது நன்றாகத் தெரியும்.

வயதானவர்களுக்குப் புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டால், வயிற்றைத் திறக்காமல் சிறுநீர்த் துவாரம் வழியாகவே குழாயை விட்டு, மின்கம்பி வளையத்தால் சதையைச் சீவி எடுக்கிறார்கள். டி.யூ.ஆர்.பி. என்று பெயர். கசியும் ரத்தத்தைக் கழுவ, மேலே தொங்கும் பையிலிருந்து லிட்டர் லிட்டராகத் திரவம் இறங்கும். அறுபட்ட சிரைகள் வாய் திறந்திருப்பதால் அதில் ஒரு பங்கு நேரே ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

பழைய கருவியில் உப்புநீர் ஆகாது. அது மின்சாரத்தைக் கடத்திவிடும், கம்பி வெட்டாது. காய்ச்சி வடித்த நீரை விட்ட காலத்தில் சிவப்பணுக்கள் ஊதி வெடித்தன. அப்படி நேர்ந்த ஒரு மரணத்தை 1947-இல் அமெரிக்க மருத்துவர் கிரீவி பதிவு செய்தார். பிறகு 1.5% கிளைசின் கரைசல் பரவியது. அணுக்கள் தப்பின, ஆனால் அதில் சோடியம் கிடையாது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 120-க்குக் கீழே விழுந்தால் மூளைக்குள் நீர் புகுந்து வீங்கும். குழப்பம், வாந்தி, வலிப்பு வரும். கிளைசின் கண்பார்வையையே சிறிது நேரம் மங்கவைப்பதும் உண்டு.

சோடியம் விழுவதை முதலில் காட்டிக்கொடுப்பது நோயாளியின் வாய்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதை மருத்துவர்கள் விரும்ப இது ஒரு காரணம். "பெரியவரே, பேரன் என்ன படிக்கிறான்?" என்று மயக்க மருத்துவர் கேட்பது வெறும் பேச்சல்ல, பரிசோதனை. பதில் தடுமாறினால் அறுவையைச் சீக்கிரம் முடித்து, ரத்தத்தில் சோடியம் பார்த்து, தேவைப்பட்டால் 3% உப்புக் கரைசலை மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையும். பையை அதிக உயரத்தில் தொங்கவிடாமல், ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதும் திரவம் அதிகம் ஏறாமல் இருக்கத்தான்.

இருமுனைக் கருவியும் லேசரும் வந்தபின் உப்புநீரே போதும், சோடியம் விழுவதில்லை. ஆனாலும் அந்த நீரில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். ரத்தத்திலோ 100 சொச்சம். அளவு மீறி ஏறினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும், மூச்சு வேகமாகும். பலவீனமான இதயம் அந்தக் கூடுதல் நீரையும் தாங்காது.

அப்பாவையோ தாத்தாவையோ இந்த அறுவைக்கு வேலூருக்குக் கூட்டிப்போகிறவர்கள், பிரஷருக்கு அவர் சாப்பிடும் நீர் மாத்திரையை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது முன்கூட்டியே சோடியத்தைக் குறைத்திருக்கலாம். வார்டுக்கு வந்தபின் அவர் சம்பந்தமில்லாமல் பேசினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.