ஷிச்சி-கோ-சான்: 3, 5, 7 வயதை ஜப்பான் கொண்டாடுவது ஏன்?

நவம்பர் 15-ஐ ஒட்டிய வார இறுதிகளில் ஜப்பானின் ஷின்டோ ஆலயங்களுக்குப் போனால், கிமோனோ போட்ட குட்டீஸ் கூட்டம்தான். ‘ஷிச்சி-கோ-சான்’ என்றால் ஏழு-ஐந்து-மூன்று. 3, 7 வயதுப் பெண் குழந்தைகளுக்கும் 5 வயது ஆண் குழந்தைகளுக்குமான விழா இது.

அதென்ன வயசுக் கணக்கு? மருத்துவம் வளராத காலத்தில் பல குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோயின. ‘ஏழு வயசு வரை பிள்ளை கடவுளுடையது’ என்பார்கள் அங்கே. ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டியதற்கு நன்றி சொல்லத்தான் இந்த வழிபாடு.

குழந்தைகள் கையில் நீளமான ‘சிதோசே அமே’, அதாவது ஆயிரம் ஆண்டு மிட்டாய். பையில் நீண்ட ஆயுளுக்கு அடையாளமாகக் கொக்கும் ஆமையும்.

இன்று அங்கே கவலை வேறு. 2024-ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6.86 லட்சம்தான். 7 லட்சத்துக்குக் கீழ் போனது இதுவே முதல்முறை. அன்று பிள்ளை பிழைக்குமா என்ற பயம். இன்று பிள்ளைகளே குறைகிறார்களே என்ற கவலை.