குழந்தையின் பெயரால்

'குழந்தைகளைக் காப்பாத்த வேண்டாமா?' என்று கேட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. அந்த மௌனத்துக்குள் சட்டம் என்ன செய்கிறது என்பதே என் கவலை. அமெரிக்காவைப் பார்க்கலாம்.

1996இல் அங்கே வந்த சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்கள் கண்ணில் படும்படி இணையத்தில் 'அநாகரிகமாக' எழுதினால் இரண்டாண்டுவரை சிறை. எது அநாகரிகம்? வரையறை கிடையாது. எதிர்த்து வழக்காடியவர்களில் எய்ட்ஸ் பற்றித் தகவல் தருவோரும் சிறைக்குள் நடக்கும் வன்புணர்ச்சியை எதிர்ப்போரும் இருந்தார்கள். உடலைப் பேசாமல் இவற்றை எப்படிப் பேசறது? 1997இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவுகளை ரத்து செய்தது. 1998இன் இன்னொரு சட்டத்துக்கு இருந்த தடையையும் 2004இல் உறுதிசெய்தது. வீட்டுக் கணினியில் வடிகட்டி வைப்பது பேச்சை இவ்வளவு நெரிக்காது என்றது.

2025இல் நிலைமை தலைகீழ். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'சிறார்க்குத் தீங்கான' பாலியல் விஷயம் கொண்ட தளங்கள் வருபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சாஸ் சட்டம் செல்லும் என்று 6-3 கணக்கில் தீர்ப்பு. வளர்ந்தவர்களுக்கு ஏற்படும் சுமை தற்செயலானதாம்.

முன்பு எழுதுபவரை மிரட்டிய சட்டம், இப்போது படிப்பவரை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறது. விவரங்களைச் சேமிக்கக் கூடாது என்றும் சொல்கிறதுதான். ஆனால் காட்டிவிட்டுத்தான் படிக்கணும் என்ற நிலையில் எத்தனை பேர் படிப்பார்கள்?

ஆபாசத் தளங்களுக்காக நான் வாதாடவில்லை. பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் பயம் நிஜமானது. 'தீங்கு' என்ற சொல்லை நாளை யார் வரையறுப்பார்கள் என்ற பயமும் நிஜமானதே. எய்ட்ஸ் பற்றி எழுதியவர்கள் அன்றே பயந்தது அதற்குத்தான்.