பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள்



திருமுழுக்குச் சடங்கில் பெற்றோரிடம் முதலில் கேட்பதே குழந்தையின் பெயரைத்தான். அங்கே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறொன்றைக் கூப்பிட்டு, பள்ளியில் மூன்றாவது ஒன்றை எழுதுகிறோம். பின்னர் திருமண ஓலை வாசிக்கும்போது, "மரிய அந்தோணி" யாரென்று மாப்பிள்ளையின் நண்பர்களே விழிக்கிறார்கள்.

நம் முன்னோர் காதால் பெயர் வைத்தவர்கள். சவேரியார் சவரிமுத்து ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். செபமாலையும் வியாகுலமும்கூடப் பெயராயின. இன்று பாஸ்போர்ட்டுக்காகத் தகப்பன் பெயரையும் முழுதாகச் சேர்க்கிறோம். சவரிமுத்துவின் மகனுக்கு மரியமுத்து என்றால் இரண்டு முத்தும் மோதும். மரிய அருள் என்றால் நா தடுக்காது.

புனிதர் பெயரே வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வற்புறுத்தவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்றே 855ஆம் எண் சொல்கிறது. ஆனாலும் எலிசபெத்தை நினைப்போம். சுற்றத்தார் தகப்பன் பெயரான செக்கரியாவையே வைக்கப் பார்க்க, யோவான்தான் என்று அந்த அம்மா உறுதியாய் நின்றார். அந்தப் பெயரைத்தான் பிறகு ஊரே கூப்பிட்டது.

கோவிலுக்கு வருமுன், பிள்ளையைச் சாப்பிட அழைப்பதுபோல் முழுப்பெயரையும் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்போம். இரண்டாம் முறையே வாய் சலித்தால் ஒரு சொல்லைக் குறைத்துக்கொள்வோம். அது புனிதர் பெயராக இருக்க வேண்டாம்.