ஷட் டவுன் செய்த பிறகும் ஓடும் மீட்டர்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டீர்கள். திரை இருண்டுவிட்டது, ஃபேன் சத்தமும் நின்றுவிட்டது. இப்போது மவுஸின் அடியில் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? அப்படியானால் உங்கள் சிஸ்டம் இன்னும் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது.

கார் மெக்கானிக்குகளுக்கு இது பழகிய நோய். நிறுத்தி வைத்த காரில் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அரை ஆம்பியர் என்றால், முழு சார்ஜில் உள்ள 45 ஆம்பியர்-அவர் பேட்டரியும் நான்கே நாளில் காலி. மெக்கானிக் காரைப் பூட்டி, உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பகுதிகள் உறங்கும்வரை காத்திருப்பார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரில் மீட்டரைத் தொடராக இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, கசிவு அந்த சர்க்யூட்டில்தான்.

கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்று நம்மை எச்சரிக்கும். வீட்டிலோ மின் கட்டணம் சத்தமில்லாமல் ஏறும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற எங்கள் ஆரணியில், கூலியை எண்ணிச் செலவழிக்கும் வீடுகள் பல. ஜக்கார்டு டிசைன் வரையவும் பிள்ளைகள் படிக்கவும் வாங்கிய கம்ப்யூட்டர் வீண் செலவு வைக்கக் கூடாது அல்லவா? எனவே மெக்கானிக்கின் முறையை எங்கள் வீட்டில் செய்து பார்த்தேன்.

ஏன் குடிக்கிறது?

கேபினட்டின் முன் பட்டன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அல்ல. மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும் பட்டன் மட்டுமே. அந்தத் தகவலுக்காகக் காத்திருக்க, எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் லைன் ஒன்றை எப்போதும் உயிரோடு வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ஊதா நிற வயர் அதுதான். யு.பி.எஸ்., ஸ்பீக்கர், பிரின்டர், மோடம் ஆகியவையும் தங்கள் பங்குக்குக் குடிக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. ஃபிரிட்ஜ், ஃபேன் உட்பட மற்ற எல்லாவற்றையும் சிறிது நேரம் நிறுத்துங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்று மட்டும் எரியட்டும். மிகச் சிறிய மின்னோட்டத்தைச் சில மீட்டர்கள் பதிவு செய்யாது என்பதால்தான் இந்த பல்பு.

2. டிஜிட்டல் மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அருகில் 3200 என்று இருந்தால், ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மின்னும் என்று பொருள்.

3. பத்து முறை மின்ன எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 11,250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். மீட்டரில் 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும்.

4. கம்ப்யூட்டர் மேஜையில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, மீண்டும் கணக்கிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் 150 விநாடி ஆனது. அதாவது 75 வாட். பல்பு போக 15 வாட் வீண். யு.பி.எஸ். பிளக்கை எடுத்ததும் 173 விநாடி. கசிவு 5 வாட்டாகக் குறைந்தது. அடுத்து ஸ்பீக்கரை எடுத்ததும் 180 விநாடி. மீதி இரண்டரை வாட். பெரிய திருடன் யு.பி.எஸ்.தான்!

15 வாட் சிறிதாகத் தோன்றலாம். நாள் முழுவதும் ஓடினால் 60 நாளில் 21.6 யூனிட். ஐரோப்பாவில் அணைத்து வைத்த புதிய வீட்டுச் சாதனங்களுக்கு 2010-ல் 1 வாட், 2013-ல் அரை வாட் என்று உச்சவரம்பு விதித்தார்கள். பழைய சாதனங்களில்தான் கூடுதல் கவனம் தேவை.

என்ன செய்யலாம்?

முதலில் ஷட் டவுன், அடுத்து யு.பி.எஸ். பட்டன், கடைசியில் சுவர் ஸ்விட்ச். யு.பி.எஸ். பட்டனை விட்டுவிட்டுச் சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால், அதன் பேட்டரி வீணாகக் கரையும். வெகுநாள் பயன்படுத்தாவிட்டால், இடையிடையே சார்ஜ் ஏற்றுங்கள். மெயின் மின்சாரம் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி ஓட்டும். தேதி தவறாகக் காட்டினால் அதை மாற்றுங்கள், செலவு குறைவுதான்.

மீட்டர் பெட்டியையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ திறக்க வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.