நலக்கல்வி: திட்டம் வகுப்பவர் யார், நிறைவேற்றுபவர் யார்?

தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் கால அட்டவணையில் நலக்கல்வி என்று ஒரு பாடம் இருப்பதைப் பெற்றோர் கண்டிருப்பர். அப்பாடத்தில் எதனைக் கற்பிப்பது, எந்த வயதில் கற்பிப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? தலைமையாசிரியரா, பள்ளி வாரியமா, மாநில அரசாங்கமா, மத்திய அரசாங்கமா? தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துப் பிள்ளைக்கு நிகரான பாடத்தைப் பெறுவதும் பெறாததும் இவ்வினாவின் விடையையே பொறுத்துள்ளன.

மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, மத்திய அரசாங்கத்திற்கும் மாநிலங்களுக்கும் உரிய துறைகளைப் பிரித்து வைத்துள்ளது. கல்வியும் மருத்துவமும் மத்திய அரசாங்கத்தைச் சார்ந்தவை. ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தைச் சார்ந்தவை. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் இரு தரப்பாருக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. ஆகவே, கொசு ஒழிப்பைப் பற்றிய பாடத்தை வகுப்பது கல்வியமைச்சு. கொசு பெருகும் சாக்கடையைத் துப்புரவு செய்வது பட்டணத்தில் ஊராட்சி மன்றம். தோட்டத்து லயங்களிலோ அப்பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் குழாய்த் தண்ணீர் முதலியவற்றை அளிக்கும் கடமையை முதலாளியின் மேல் சுமத்தியிருக்கிறது. ஒரே பாடத்திற்குப் பின்னால் மூன்று நான்கு கைகள் இருப்பதை இதிலிருந்து உணரலாம்.

முன்னாளில் தோட்டப் பள்ளிகளில் உள்ளூர் அதிகாரமே முழுமையாகக் கோலோச்சியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி அமைக்கச் சொன்ன சட்டம், அதன் தரத்தைப் பெரிதும் துரையின் மனத்திற்கே விட்டுவிட்டது. கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆசிரியராக அமர்ந்த தோட்டங்கள் பல. நல்ல துரையும் அக்கறையுள்ள டிரஸ்ஸரும் வாய்த்த இடத்தில் பிள்ளைகள் பல் துலக்கவும், நகம் வெட்டவும், குடற்புழுவுக்கு மருந்துண்ணவும் கற்றனர். வாய்க்காத இடத்தில் கேட்பாரில்லை. உள்ளூர்க்காரர்க்கே உள்ளூர் நிலை தெரியும் என்னும் வாதம் கேட்பதற்கு இனிமையானதே. ஆயினும் அன்றைய தோட்டத்தில் உள்ளூர்க்காரர் என்றால் தொழிலாளர் அல்லர் என்பதை மறத்தலாகாது.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதனையொட்டி 1957இல் வந்த கல்விச் சட்டமும் இந்நிலையை மாற்றின. எம்மொழிப் பள்ளியாயினும் பாடத்திட்டம் ஒன்றே என்பது கொள்கையாயிற்று. இன்று நடப்பிலுள்ள 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தேசியப் பாடத்திட்டத்தை வகுக்கும் அதிகாரத்தை 18ஆம் பிரிவில் கல்வியமைச்சருக்கு அளிக்கிறது. 2017 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் நலக்கல்விக்கு ஆண்டொன்றுக்கு 16 மணி நேரத்தை ஒதுக்கியது.

நலக்கல்வியின் தரம் ஓரிடத்தில் வகுக்கப்படுவதால் விளைந்த பெரும் நன்மை யாதெனில், பெரியவர்கள் பேசக் கூசும் செய்திகளும் பாடத்தில் இடம்பெற்றதுதான். தன் உடலைப் பிறர் தொடுவதில் பாதுகாப்பான தொடுதல் எது, தகாத தொடுதல் எது என்பதை ஏழு வயதிலேயே பிள்ளைகள் கற்கின்றனர். ஒவ்வொரு பள்ளி வாரியமும் கூடி முடிவு செய்வதாயின், இப்பாடம் எத்தனைப் பள்ளிகளில் நிலைத்திருக்கும்? தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்காட்டுக்குச் சென்றுவிடும் லயங்களில் இப்பாடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயின், நாடு முழுமைக்கும் எழுதப்பட்ட பாடநூல் நம் தோட்டத்தை அறியாது. களைக்கொல்லி மருந்தைச் சோடாப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அது எங்ஙனம் அறியும்? பாராகுவாட் என்னும் நஞ்சு 2020 சனவரி முதல் நாள் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எனினும் வேறு மருந்துகள் உள்ளன. அவை இருந்த தகரத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடும் இருக்கக்கூடும். மதுவின் தீமை பாடத்தில் உண்டு. சம்சுவின் தீமை என்று தனியே இராது. இவ்விடத்தில்தான் ஆசிரியருக்கு உரிமை இருக்கிறது. பாடத்திட்டம் கற்றல் தரத்தை மட்டுமே நிறுவுகிறது. உதாரணத்தை ஆசிரியர் தேர்ந்து கொள்ளலாம். காலிப் புட்டியொன்றைக் காட்டி நடத்தும் பாடம் படத்தைக் காட்டி நடத்துவதினும் ஆழப் பதியும்.

பாடத்தோடு நில்லாமல், சுகாதார அமைச்சின் தாதியர் குழுவும் பள்ளிகளுக்கு வருகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான், இரணஜன்னி முதலியவற்றிற்கான ஊக்கத் தடுப்பூசி உண்டு. பதின்மூன்று வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2010 முதல் இடைநிலைப் பள்ளிகளில் போடப்பட்டு வருகிறது. இவ்வூசிகளுக்குப் பெற்றோரின் ஒப்பம் கேட்டு ஒரு படிவம் வீட்டிற்கு வரும். அமைச்சுகள் எத்துணை அதிகாரம் பெற்றிருப்பினும், இவ்விடத்தில் முடிவு பெற்றோருடையது. அப்படிவம் புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடப்பதும் உண்டு. பிள்ளைகளின் பையை வாரம் ஒருமுறையேனும் பார்த்தல் நன்று.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குப் பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. ஆனால், பாடம் சொல்வதைச் செய்து காட்ட இடமுண்டா என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பாடம் நடக்கும் பள்ளியில் குழாயில் தண்ணீர் வராவிட்டால், முதலில் தலைமையாசிரியரிடம் கூறுக. முழு உதவி பெற்ற பள்ளியாயின் அவர் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுவார். தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெற்ற பள்ளியாயின், பள்ளி வாரியத்திற்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் சேர்த்து எழுதுதல் வேண்டும். லயத்துக் குழாயே வறண்டிருப்பின் தொழிலாளர் இலாகாவை நாடலாம். எங்கு எழுதினாலும் தேதியிட்டு, நகலொன்றைச் சங்கத்தின் கோப்பில் வைத்துக் கொள்க.