வயது ஐம்பதும் வறண்ட கூந்தலும்

45 வயதைத் தாண்டும் பெண்மணி ஒருவரின் உடலில் நிகழும் மாற்றங்களுட் பெரும்பாலானவை பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திடீரென உடல் கொதிப்பதும் நள்ளிரவில் வியர்த்து விழித்துக்கொள்வதும் அவருக்கு மாத்திரமே தெரியும். கூந்தலின் நிலை அவ்வாறன்று. எண்ணெய் வைத்தாலும் வைக்காதது போல வறண்டு நிற்கும். சீப்பிற் சிக்கி முறியும். முன்பிருந்த மினுமினுப்பு எங்கே போயிற்று என்று கண்ணாடியைக் கேட்கத் தோன்றும். வீட்டிலுள்ளோர், "வயது போனால் அப்படித்தான்" என்பர். கடைக்காரரோ புதிய போத்தல் ஒன்றை எடுத்து நீட்டுவார். இவ்விரண்டு விடைகளும் போதா என்பதே எமது கருத்து.

மாதவிடாய் நிற்கும் பருவம் பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் வருகின்றது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின் அது நின்றுவிட்டதென வைத்தியர்கள் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் தடுமாறி, ஈற்றில் மிகவும் குறைந்துவிடுகின்றது. தோலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் அத்துடன் தளர்கின்றன. இளமையில் வேரிலிருந்து கசிந்து கூந்தலுக்கு இயற்கையாகப் பளபளப்பைத் தந்த எண்ணெய் இப்போது போதிய அளவு ஊறுவதில்லை. புதிதாக முளைக்கும் மயிரும் முன்னையதிலும் மெலிந்ததாக வருதல் கூடும். ஆகவே, நேற்றுவரை ஒத்துக்கொண்ட சவர்க்காரமும் சீப்பும் இன்று ஒத்துக்கொள்ளவில்லையெனின், அது அவற்றின் குற்றமன்று. உள்ளிருந்து வரும் மாற்றமே காரணம்.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. தலைக்கு வெளியே நாம் காணும் மயிருக்கு உயிர் கிடையாது. உயிருள்ளது தோலுக்குள் இருக்கும் வேர் மாத்திரமே. தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளருகின்றது. அவ்வாறாயின், 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஐந்து ஆண்டுகளுக்கு முன் முளைத்ததாகும். ஐந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் சவர்க்காரத்தையும் கண்ட நுனி அது! மயிரின் மேற்புறம் கூரை ஓடு அடுக்கியது போன்ற நுண்ணிய செதில்களால் மூடப்பட்டுள்ளது. செதில்கள் படிந்திருந்தால் ஒளி தெறித்து மயிர் மினுங்கும். அவை கிளம்பியும் உடைந்தும் போனால் மங்கிவிடும். உடைந்த செதிலை எந்தத் தைலமும் மீண்டும் ஒட்டவைத்ததில்லை. விளம்பரங்கள் வேறு விதமாகக் கூறும். அது அவற்றின் தொழில். எஞ்சியிருப்பதைக் காப்பதே எம்மாலியன்றது. கல்யாணத்துக்கு உடுத்த கூறைச் சேலையை இருபத்தைந்து ஆண்டுகளின் பின் பெட்டியிலிருந்து எடுக்கும் பெண்மணி, அதைக் கல்லில் அடித்துத் துவைப்பாரோ? அந்த நிதானமே கூந்தலுக்கும் வேண்டியது.

தலை முழுகும் விடயத்தில் எமது பாட்டிமாரின் வழக்கம் இவ்வயதினருக்கு நன்கு பொருந்துகின்றது. பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் வைத்து முழுகுவது என்பது பழைய ஏற்பாடு. வாரம் இரு தடவை போதும். நாள்தோறும் ஷாம்பூ இட்டுக் கழுவினால் உள்ள சிறிது எண்ணெயும் போய்விடும். எண்ணெயை முழுகுவதற்கு முன்னர் வைப்பதிலும் காரணமுண்டு. மயிர் நீரை உறிஞ்சி ஊதுவதும், காய்ந்து சுருங்குவதுமாக இருக்கையில் அதன் புரதம் சிறிது சிறிதாகக் கரைகின்றது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியொன்று 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தேங்காய் எண்ணெய் மாத்திரமே மயிரினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்ததென அது கூறிற்று. அதைச் செய்தோர் இந்தியாவில் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றைச் சேர்ந்தோர் என்பதையும் வாசகியர் அறிந்திருத்தல் வேண்டும். எனினும், எண்ணெயின் சிறு மூலக்கூறுகள் உட்புகுதல் இயல்பே. இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெயைக் கூந்தலின் நடுவிலிருந்து நுனிவரை தடவி ஒரு மணி நேரம் விட்டால் அமையும். பொடுகுத் தொல்லை உள்ளோர் உச்சந்தலையில் எண்ணெயை ஊறவிடாதிருத்தல் நன்று.

யாழ்ப்பாணத்து வாசகியருக்குத் தனியே ஒரு சொல். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். ஆதலின் கிணற்று நீரிற் கல்சியம் மிகுதி. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது அதுவே. கட்டிச் சவர்க்காரத்தை அந்நீரிற் குழைத்தால் நுரைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் திரை ஒன்று உண்டாகும். அது மயிரிற் படிந்து அதனை மங்கச் செய்யும். கொழும்பில் குழாய் நீரில் முழுகிய மகளின் கூந்தல் ஊருக்கு வந்த இரண்டு கிழமையில் சணல் போலாவதற்கு இதுவும் ஒரு காரணம். மாரியில் கூரையிலிருந்து ஓடும் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்துவைத்து, இறுதியாக ஒரு வாளி அதனால் அலசினால் வேறுபாட்டைத் தாமே காண்பர். மழைநீர் இல்லாத காலத்தில், ஒரு வாளி நீரிற் பாதித் தேசிக்காயைப் பிழிந்து அலசலாம். புளிப்பு அத்திரையை ஓரளவு அகற்றும். ஆனால் அதன் பின் நல்ல நீரால் மீண்டும் அலசாமல் வெயிலிற் போகலாகாது. தேசிச்சாறு பட்ட தோல் வெயிலிற் புண்ணாகிக் கறுப்பதுண்டு.

சீயாக்காயுடன் வெந்தயத்தை அவித்து அரைத்துத் தேய்ப்பதும், செவ்வரத்தை இலையைக் கசக்கி வைப்பதும் நல்ல வழக்கங்களே. அவற்றின் வழுவழுப்பான பசை மயிரின்மேற் படிந்து சிக்கைக் குறைக்கும். அவை மயிரை முளைப்பிக்கும் எனக் கூறுவதை மாத்திரம் நாம் ஏற்கமாட்டோம். கடையில் விற்கும் கண்டிஷனரும் இதே வேலையையே செய்கின்றது. வசதியுள்ளோர் அதை வாங்குவதிற் குற்றமில்லை. விலை கூடியதுதான் நல்லது என்று எண்ணுதலே வீண்.

நனைந்த மயிர் பலவீனமானது. துவாயால் முறுக்கிப் பிழிவதும், ஈரத்தோடு நெருக்கமான சீப்பை இழுப்பதும் இவ்வயதிற் பெருஞ்சேதம் விளைவிப்பன. பழைய பருத்திச் சேலைத் துண்டினால் ஒற்றியெடுத்து, பாதி உலர்ந்தபின் அகன்ற பற்களுள்ள சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். இறுக இழுத்துக் கட்டும் கொண்டை நெற்றியோர மயிரை நாளடைவில் வேரோடு தளர்த்திவிடும்.

இதுவரை கூறியன வெளிப் பராமரிப்பு. இனி நாம் கூறப்போவதையே முதன்மையானதாகக் கருதுகின்றோம். வறண்ட கூந்தல் எல்லாம் மாதவிடாய் நிற்பதால் வந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் தலைமயிர் இவ்வாறே வறண்டு முரடாகி உதிரும். கூடவே களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல், குரல் கரகரத்தல் ஆகியனவும் தோன்றலாம். இவற்றுட் பல ஐம்பது வயதின் இயல்பு போலத் தோன்றுவதாற்றான், நோய் மறைந்தே இருந்துவிடுகின்றது. ஒரு குருதிப் பரிசோதனையால் இதனை அறியலாம், மாத்திரையாற் சீர்செய்யலாம். இரும்புச்சத்துக் குறைவு மற்றொன்று. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளிற் சிலருக்குக் குருதி மிகுதியாகப் போகும். "நிற்கப்போகிறது, அதனால் இப்படி" என்று பொறுத்திருந்து வெளிறிப்போகும் தாய்மார் எத்தனை பேர்! அதற்கும் வைத்தியரிடம் போகவேண்டும். நின்று 12 மாதங்கள் கழிந்த பின் ஒரு துளி குருதி கண்டாலும் தாமதியாது போகவேண்டும்.

இலங்கையில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறுகின்றன, கட்டணம் இல்லை. தலைமயிர் கொட்டுகின்றது என்று சொல்லிக்கொண்டு அங்கே போக வெட்கப்படுவோர் உளர். குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம்.

உணவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மீன், முட்டை, பயறு, கௌபி, கீரை என எமது சமையலறையில் உள்ளனவே போதும். உண்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கத்தை மாத்திரம் ஒரு மணி நேரம் ஒத்திவைத்தல் நன்று; தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது. கூந்தலுக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள், அச்சத்து உடலிற் குறைந்திராதவருக்குப் பயன் தருவதாகச் சான்றில்லை. அவற்றால் ஒரு தொல்லையும் உண்டு: பயோட்டினை மிகுதியாக உட்கொண்டோரின் குருதிப் பரிசோதனை பிழையான விடை தரலாம் என 2017ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. தைரொயிட் பரிசோதனையும் அவ்வாறு பிழைக்கக்கூடியதே. ஆகவே பரிசோதனைக்குப் போகுமுன் அம்மாத்திரை பற்றி வைத்தியரிடம் கூறவேண்டும்.

நரையை மறைக்க விரும்புவோருக்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. தூய மருதோன்றி செந்நிறத்தையே தரும். "கறுப்பு மருதோன்றி" என்று விற்கப்படுவதிற் பெரும்பாலும் பி.பி.டி. எனும் இரசாயனச் சாயம் கலந்திருக்கும். கடைகளிலுள்ள கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும் அதுவே உண்டு. சிலருக்கு அதனால் முகம் வீங்கிக் கண் திறக்கமுடியாத நிலையும் ஏற்படும். பூசுமுன் காதின் பின்புறம் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பார்த்திருத்தல் வேண்டும். பல தடவை தீங்கின்றிப் பூசியவருக்கும் ஒவ்வாமை பின்னொரு நாள் புதிதாகத் தோன்றுவதுண்டு. ஆதலின் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்தே பூசவேண்டும்.